கத்தி வந்த பாதை - 23: கை ஒரு பக்கம், கண் ஒரு பக்கம்

1992ஆம் ஆண்டு நியூயார்க் மாநில சுகாதாரத் துறை மருத்துவமனைகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. லேப்ராஸ்கோப்பி என்கிற நுண்துளை முறையில் பித்தப்பையை அகற்ற விரும்பும் மருத்துவர், தேர்ந்த ஒருவரின் மேற்பார்வையில் பத்துப் பதினைந்து நோயாளிகளுக்காவது செய்து பழகிய பிறகே தனியாகச் செய்யலாம் என்றது அது. ஓர் அறுவை சிகிச்சையை இத்தனை முறை செய்து பார்த்துவிட்டு வா என்று அரசாங்கம் மருத்துவருக்குச் சொல்வது வழக்கமில்லை. அதிலும் சொல்லப்பட்டது கற்றுக்குட்டிகளுக்கு அல்ல. இதே பித்தப்பையை வயிற்றைத் திறந்து நூற்றுக்கணக்கில் எடுத்துப் பழகியவர்களுக்கு. அந்த மாநிலத்தில் பித்தநாளம் வெட்டுப்பட்டவர்களும் ரத்தக்குழாய் கிழிந்தவர்களும் வரிசையாகப் பதிவாகியிருந்தார்கள். சிலர் இறந்தும் போயிருந்தார்கள்.

சென்ற இதழில் 1985இல் ஜெர்மனியின் போப்ளிங்கன் ஊரில் எரிக் மூஹே இந்த முறையில் பித்தப்பையை அகற்றியதையும், 1987இல் லியோன் நகரத்தில் பிலிப் மூரே செய்ததையும் பார்த்தோம். மூஹேயை அவருடைய நாட்டு மருத்துவர் சங்கமே எள்ளி நகையாடியதையும் பார்த்தோம். அந்த ஏளனம் நீடித்தது சொற்ப காலம்தான். 1992 செப்டம்பரில் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் கூட்டம், அந்நாட்டில் அகற்றப்படும் பித்தப்பைகளில் ஏறத்தாழ 80 சதவீதம் நுண்துளை வழியாகவே வெளியே வருகின்றன என்று கணக்குச் சொன்னது. அறுவை சிகிச்சையின் வரலாற்றில் இவ்வளவு அவசரமாக ஒரு முறை இன்னொரு முறையை வெளியேற்றியதில்லை. நோயாளிகள் கேட்டார்கள், கருவி நிறுவனங்கள் தூண்டின, பக்கத்து மருத்துவமனை ஆரம்பித்துவிட்டது. சனி, ஞாயிறுகளில் பன்றியின் வயிற்றில் ஒரு பயிற்சி முகாம், அடுத்த வாரமே மனித வயிறு என்று ஓடியவர்கள் நிறையப் பேர்.

தேர்ந்த கைகள் ஏன் தடுமாறின? கருவி புதிது, துளை சிறிது என்பதெல்லாம் பாதிப் பதில். மருத்துவர்கள் வயிற்றுக்குள் திசை தப்பினார்கள் என்பதுதான் மீதிப் பாதி. இந்த அத்தியாயம் அந்தத் திசையைப் பற்றியது.

வயிற்றைத் திறந்து செய்யும்போது மருத்துவரின் கண்ணும் கையும் உறுப்பும் ஓரிடத்தில் இருக்கின்றன. எந்தத் திசுவைத் தொடுகிறாரோ அதைத்தான் பார்க்கிறார். சந்தேகம் வந்தால் தலையைச் சற்றுச் சாய்த்து வேறு கோணத்தில் பார்ப்பார், விரலால் தடவுவார், குழாயை இரு விரல்களுக்கு நடுவே உருட்டிப் பார்ப்பார். இதையெல்லாம் யாரும் தனியாகச் சொல்லித் தருவதில்லை. குழந்தைப் பருவத்திலிருந்து கையும் கண்ணும் சேர்ந்து பழகிய பழக்கம் அது.

நுண்துளை இந்தக் கூட்டாளிகளைப் பிரித்து வைத்தது. கை வயிற்றின் மேலே, கருவியின் நுனி வயிற்றுக்குள்ளே, படம் எங்கோ ஒரு மானிட்டரில். அந்தப் படமும் தட்டையானது. ஆழத்தை நிழலையும் பருமனையும் வைத்து ஊகிக்க வேண்டும். கேமரா நெருங்கினால் மெல்லிய குழாயும் திரையில் கட்டைவிரல் தடிமனாகத் தெரியும். எது பெரிது, எது சிறிது என்பதற்கு அளவுகோல் இல்லை.

இத்தனைக்கும் மேலே ஒரு சங்கடம் உண்டு. டிராக்கார் என்கிற குழல் வயிற்றுச் சுவரில் செருகப்பட்டிருக்கிறது. அதன் வழியாகப் போகும் நீளமான கருவிக்கு அந்தத் துளையே அச்சு. படகில் உட்கார்ந்து துடுப்பு போடுகிறவரின் கை முன்னே போகும்போது தண்ணீருக்குள் இருக்கும் பலகை பின்னே போகிறதல்லவா, அதேதான் இங்கும். கையை வலப்பக்கம் தள்ளினால் நுனி இடப்பக்கம் போகும். கையை உயர்த்தினால் நுனி தாழும். ஆனால் உள்ளே தள்ளினால் உள்ளேயே போகும், இழுத்தால் வெளியேதான் வரும். எல்லாம் ஒரே மாதிரி தலைகீழாக இருந்தாலாவது பழகிக்கொள்ளலாம். இரண்டு திசைகள் புரண்டும் மூன்றாவது திசை நேராகவும் இருப்பதுதான் தொல்லை. தவிர, கருவி எவ்வளவு ஆழம் உள்ளே இருக்கிறது என்பதைப் பொறுத்து, கையின் அதே அசைவுக்கு நுனி நகரும் தூரமும் மாறிக்கொண்டே இருக்கும்.

இந்தச் சிக்கல் தொடக்க காலத்தில் யாருக்கும் தோன்றவில்லை. காரணம் எளிது. 1901இல் டிரெஸ்டன் மருத்துவர் கேயார்க் கெல்லிங் நாயின் வயிற்றுக்குள் பார்த்ததும், 1910இல் ஸ்டாக்ஹோமில் ஹான்ஸ் கிறிஸ்டியன் யாகோபேயுஸ் மனித வயிற்றுக்குள் பார்த்ததும் வெறும் பார்வையோடு நின்றன. கண் குழாயின் மேல்முனையில் ஒட்டியிருந்தது. குழாயைத் திருப்பினால் தலையும் கூடவே திரும்பும். எந்தப் பக்கம் பார்க்கிறோம் என்பதைக் கழுத்துத் தசைகளே மூளைக்குச் சொல்லிவிடும். 1929இல் ஜெர்மானியர் ஹைன்ஸ் கால்க் சாய்ந்த பார்வை தரும் லென்ஸைக் கொண்டுவந்தபோது முதல் உறுத்தல் வந்திருக்க வேண்டும். குழாய் ஒரு திசையில் போகும், பார்வை வேறு கோணத்தில் விழும். கல்லீரலின் மூலைமுடுக்கெல்லாம் பார்க்க அந்தச் சாய்வு தேவைப்பட்டது. இன்றைய 30 டிகிரி தொலைநோக்கிகள் அந்த வம்சம்தான்.

படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிய பெருமை இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஹரால்ட் ஹாப்கின்ஸுக்கு. பழைய குழாய்களில் நீண்ட காற்று இடைவெளியும் நடுநடுவே சிறு கண்ணாடி லென்ஸ்களும் இருக்கும். அவர் அதைப் புரட்டிப் போட்டு, நீளமான கண்ணாடிக் கோல்களை வைத்து அவற்றுக்கிடையே சிறு காற்று இடைவெளி விட்டார். 1959இல் உருவான இந்த யோசனையை பிரிட்டனில் யாரும் சீந்தவில்லை. 1960களின் பிற்பகுதியில் ஜெர்மனியின் டுட்லிங்கன் ஊர்க் கருவி உற்பத்தியாளர் கார்ல் ஸ்டோர்ஸ் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்றும் நுண்துளை மருத்துவரின் கையில் இருப்பது ஹாப்கின்ஸின் கோல்தான்.

நம் ஊரில் 'லேப்ராஸ்கோப்பி' என்ற சொல் நுழைந்தது பித்தப்பையோடு அல்ல. குடும்பக் கட்டுப்பாட்டு முகாம்களோடு. எண்பதுகளில் கருத்தடை செய்துகொண்ட பெண்களுக்கு அந்தச் சொல் நன்றாகத் தெரியும். அந்த முகாம்களில் மருத்துவர் குனிந்து ஒற்றைக் கண்ணைக் குழாயில் வைத்துப் பார்த்துக் கருக்குழாயில் வளையம் மாட்டினார். ஒரே கருவியில் பார்வையும் வேலையும். அந்த வேலைக்கு அது போதும். பித்தப்பைக்குப் போதாது. ஒரு கை தொலைநோக்கியைப் பிடித்திருக்கும், மறு கை மட்டுமே வேலை செய்யும். எதிரே நிற்கும் உதவியாளருக்கு ஒன்றுமே தெரியாது. ஜெர்மனியின் கீல் நகரத்தில் குர்ட் ஸெம் 1980இல் குடல்வாலை நுண்துளை வழியாக அகற்றியபோது எத்தனை எதிர்ப்பு வந்தது என்பதை முன்பே எழுதியிருக்கிறேன். அந்தத் தலைமுறையினர் முதுகு வளைந்து, கழுத்து வலித்து, ஒற்றைக் கண்ணால் இந்தக் கலையை உருவாக்கினார்கள்.

எண்பதுகளில் தொலைநோக்கியின் முனையில் மாட்டுமளவுக்குக் கேமரா சிறுத்தது. இதுதான் பெரிய திருப்பம். மருத்துவர் நிமிர்ந்து நின்றார். இரண்டு கைகளும் விடுதலையாயின. அறையில் இருக்கும் அத்தனை பேரும் ஒரே படத்தைப் பார்த்தார்கள். அட்லாண்டாவில் கம்ரான் நெசாத் போன்ற மகப்பேறு மருத்துவர்கள், மற்றவர்கள் சிரித்தபோதும், திரையைப் பார்த்தே அறுவை செய்யலாம் என்று பிடிவாதமாக நின்றார்கள். அவர்கள் சொன்னதே நிலைத்தது. ஆனால் கேமரா ஒன்றைக் கொடுத்து இன்னொன்றைப் பறித்துக்கொண்டது. கண்ணும் தொலைநோக்கியும் பிரிந்தன. எங்கே பார்க்கிறோம் என்று இனிக் கழுத்து சொல்லாது. அந்தப் பொறுப்பு வேறொருவர் கைக்குப் போனது.

அந்த வேறொருவர் யார்? ஆபரேஷன் தியேட்டரில் இருப்பவர்களிலேயே இளையவர். பெரும்பாலும் அப்போதுதான் மேற்படிப்பில் சேர்ந்த மாணவர். கருவிகள் எல்லாம் அனுபவசாலிகளிடம் இருக்க, அத்தனை பேருக்குமான ஒரே கண்ணை அனுபவமே இல்லாதவரிடம் கொடுத்து வைத்த விசித்திரம் உலகெங்கும் நடந்தது, இன்றும் நடக்கிறது. மருத்துவர் அதட்டுவது முக்கால்வாசி கேமரா பிடிப்பவரைத்தான்.

அதட்டலில் நியாயமும் உண்டு. கேமரா கைக்குள் லேசாகப் புரண்டால் திரையில் உலகமே சாய்ந்துவிடும். கல்லீரல் மேலே, குடல் கீழே என்பதுதான் மருத்துவரின் அடிவானம். அது இருபது டிகிரி சரிந்தால் கருவி தான் நினைத்த இடத்துக்குப் போகாது, ஆனால் ஏன் போகவில்லை என்று சட்டென்று புரியாது. சாய்ந்த பார்வைத் தொலைநோக்கியில் குழப்பம் இரட்டிப்பாகும். அதில் கேமராவை அசையாமல் நேராகப் பிடித்துக்கொண்டு, வெளிச்சம் வரும் கேபிளை மட்டும் சுற்ற வேண்டும். கேபிளை ஒரு பக்கம் கொண்டுபோனால் பார்வை எதிர்ப்பக்கம் சாயும். அடிவானமும் மாறாது, உறுப்பின் பக்கவாட்டும் தெரியும். ஓர் உறுப்பைச் சுற்றி வந்து பார்க்க இருக்கும் ஒரே வழி இது. புதிதாகப் பிடிப்பவர் கேமராவையும் சேர்த்துத் திருப்புவார், படம் குப்புற விழும்.

உதவியாளருக்கு வேறு கஷ்டம். கேமரா நாம் பார்க்கும் திசையிலேயே பார்த்தால் கருவி ஓரளவு சொன்னபடி கேட்கும். கேமரா நம்மை நோக்கித் திரும்பியிருந்தாலோ, நாம் முன்னே தள்ளும் கருவி திரையில் நம்மிடமே வருவதுபோல் தெரியும். எதிர்ப்பக்கம் நிற்கும் உதவியாளர் பித்தப்பையை இழுத்துப் பிடிக்கத் திணறுவது இதனால்தான். காலப்போக்கில் ஒரு விதி உருவானது: மருத்துவர், கேமரா, உறுப்பு, திரை ஆகிய நான்கும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். பித்தப்பைக்கு அமெரிக்கர்கள் நோயாளியின் இடப்பக்கம் நின்று வலது தோளருகே திரையை வைத்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் நோயாளியின் இரு கால்களுக்கு நடுவே நின்றார்கள். எது சிறந்தது என்று மாநாடுகளில் நடந்த சண்டையை நாம் விட்டுவிடலாம். இரண்டும் அந்த நேர்க்கோட்டைத் தேடிய வழிகள்தான்.

இங்கே கதை சற்று நேரம் தியேட்டரை விட்டு வெளியே போக வேண்டும்.

1896இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்ட்ராட்டன் என்ற உளவியலாளர் ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு, மறு கண்ணில் உலகத்தைத் தலைகீழாகக் காட்டும் லென்ஸ் குழலை மாட்டிக்கொண்டார். தூங்கும்போது இரண்டு கண்களையும் கட்டிக்கொள்வார். அடுத்த ஆண்டு இதையே எட்டு நாள் தொடர்ந்து செய்தார். மொத்தம் 87 மணி நேரம் தலைகீழ் உலகம். முதல் நாள் எதை எடுக்கப் போனாலும் கை தவறான பக்கம் போயிற்று. குமட்டியது. நாளாக ஆக, யோசிக்காமலேயே கை சரியான இடத்துக்குப் போகத் தொடங்கியது. வீட்டுக்குள் தடுக்காமல் நடந்தார். பிற்பாடு ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகரில் தியோடோர் எரிஸ்மனும் ஐவோ கோலரும் இந்தச் சோதனையை வாரக்கணக்கில் நீட்டினார்கள். புரட்டிக் காட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டவர்கள் சைக்கிளே ஓட்டினார்கள். மூளை திசைகளை மாற்றி எழுதிக்கொள்ளும், ஆனால் அதற்கு நேரமும் ஓயாத பயிற்சியும் வேண்டும் என்று இவை காட்டின. பன்றி முகாம்களை நடத்தியவர்கள் இதைப் படித்திருந்தால் வார இறுதியோடு முடித்திருக்க மாட்டார்கள்.

நூறு ஆண்டு கழித்து ஸ்ட்ராட்டனின் கேள்வியை மருத்துவர்களிடம் கொண்டுவந்தவரும் ஓர் உளவியலாளர்தான். வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் ஆண்டனி கலகரும் அவருடைய சகாக்களும் 1998இல் ஒரு சிறு சோதனையை வெளியிட்டார்கள். லேப்ராஸ்கோப்பி அறியாத புதியவர்களிடம் பயிற்சிப் பெட்டிக்குள் கருவியால் காகிதம் வெட்டச் சொன்னார்கள். சிலருக்கு வழக்கமான படம். சிலருக்கு இடவலம் புரட்டிய படம். புரட்டிய படத்தில் கையும் நுனியும் ஒரே பக்கம் போவதுபோல் தெரியும். அப்படிப் பார்த்தவர்கள் கூடுதலாகச் சரியான வெட்டுகளைப் போட்டார்கள். தடுமாற்றத்தின் வேர் வயிற்றுச் சுவர் என்ற அச்சிலேயே இருக்கிறது என்பதற்கு நேரடிச் சான்று கிடைத்தது.

அடுத்த ஆண்டு இதே குழு அனுபவம் மிக்க லேப்ராஸ்கோப்பி மருத்துவர்களை அழைத்தது. இப்போது முடிவு திரும்பிவிட்டது. வழக்கமான படத்தில் அவர்கள் சரளமாக வெட்டினார்கள். புதியவர்களுக்கு உதவிய புரட்டிய படத்தில் தடுமாறினார்கள். தலைகீழ் அவர்களுக்குள் நேராகிவிட்டிருந்தது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த சோதனை இது. ஒரு காகிதத்தையும் ஒரு பெட்டியையும் வைத்துக்கொண்டு, திறமை என்பது மூளையில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று காட்டிவிட்டார்கள். படத்தைப் புரட்டி விற்கலாமே என்று யாராவது நினைத்திருந்தால் அந்த வழியும் இதோடு அடைபட்டது. பழகியவர் கை கெட்டுவிடும்.

ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் ஆல்ஃப்ரெட் குஷியேரியும் ஜார்ஜ் ஹன்னாவும் வேறு பக்கம் தோண்டினார்கள். குஷியேரி மால்டா தீவுக்காரர், பிரிட்டனில் இந்த அறுவை சிகிச்சைக்கு வித்திட்டவர்களுள் ஒருவர். அவர்கள் கேட்டது சாதாரணக் கேள்வி: திரையை எங்கே வைப்பது? எல்லா தியேட்டர்களிலும் மானிட்டர் கருவி அடுக்கின் உச்சியில், தலைக்கு மேலே இருந்தது. அது வைக்க வசதியான இடம், அவ்வளவுதான். 1998இல் வந்த அவர்களுடைய ஆய்வில், திரை நேர் எதிரே, கைகளின் மட்டத்துக்குத் தாழ்த்தி வைத்தபோது வேலை விரைவாகவும் நன்றாகவும் நடந்தது. கையைப் பார்ப்பதுபோல் குனிந்து பார்க்கும் அந்தப் பார்வைக்குத்தான் உடம்பு பழகியிருக்கிறது. மருத்துவர்களின் கழுத்து வலிக்கும் அதுவே மருந்தாயிற்று. அதே ஆண்டு அவர்கள் முப்பரிமாணப் படத்தையும் தட்டைப் படத்தையும் பித்தப்பை அறுவையில் ஒப்பிட்டார்கள். அன்றைய முப்பரிமாணக் கருவியால் எந்த லாபமும் தெரியவில்லை. விலை உயர்ந்த பெட்டி தோற்றது, திரையைத் தாழ்த்தியது ஜெயித்தது. வரலாறு எழுதுகிறவனுக்கு இப்படிப்பட்ட முடிவுகளில் ஓர் அற்ப சந்தோஷம் உண்டு.

கையின் தலைகீழ் பழகப் பழகச் சரியாகும். திரையை நகர்த்தலாம். கேமரா பிடிப்பவரைப் பயிற்றலாம். ஆனால் நியூயார்க் சுற்றறிக்கைக்குக் காரணமான காயம் இவற்றால் ஆறவில்லை. பொதுப் பித்தநாளம் வெட்டுப்படுவது திறந்த அறுவையில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு என்றால், நுண்துளை வந்த புதிதில் அது சில மடங்காயிற்று. அந்த நாளம் கல்லீரலிலிருந்து பித்தநீரைச் சிறுகுடலுக்குக் கொண்டுபோகும் ஒரே வழி. அதை வெட்டினால் மஞ்சள் காமாலை, சீழ், குடலைக் கல்லீரலோடு இணைக்கும் பெரிய அறுவை, சில சமயம் கல்லீரல் மாற்றுவரை போகும். பித்தக்கல்லுக்காகப் போய் மறுநாள் வீடு திரும்ப வேண்டியவருக்கு இது நேர்வது கொடுமை.

கை பழகாததால் கத்தி வழுக்கியது என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். நீதிமன்றங்களும் அப்படித்தான் கேட்டன. 2003இல் சான்ஃபிரான்சிஸ்கோவின் லாரன்ஸ் வேயும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையைத் தகர்த்தது. இப்படிக் காயம்பட்ட 252 நோயாளிகளின் அறுவைக் குறிப்புகளையும் கிடைத்த வீடியோக்களையும் அவர்கள் மனித மனத்தின் பிழைகளை ஆராயும் முறையில் அலசினார்கள். 97 சதவீதத்தில் மூல காரணம் கண் கண்ட மாயை. கைத்திறன் குறை வெறும் 3 சதவீதம். அதாவது அந்த மருத்துவர்கள் வெட்ட நினைத்ததைச் சுத்தமாக, அழகாக வெட்டியிருந்தார்கள். நினைத்ததுதான் தவறு.

மாயை எப்படி உண்டாகிறது? பித்தப்பையிலிருந்து வரும் சிறு நாளம் பொதுப் பித்தநாளத்தில் ஒரு கோணத்தில் போய்ச் சேருகிறது. பித்தப்பையின் கழுத்தை வலப்பக்கமாக, வெளிநோக்கி இழுத்தால் அந்தக் கோணம் விரியும், இரண்டும் தனித்தனியாகத் தெரியும். மேல்நோக்கி இழுத்துவிட்டால் கோணம் மடங்கி, இரண்டும் ஒரே நேர்க்குழாயாகிவிடும். கேமரா மிக நெருக்கத்தில் இருப்பதால் சுற்றுப்புறம் தெரியாது. திரையில் பித்தப்பையிலிருந்து ஒரு குழாய் தெளிவாக இறங்குகிறது. மருத்துவர் தேடியதும் அப்படி ஒரு குழாயைத்தான். கிளிப் போடுகிறார், வெட்டுகிறார். வெட்டியது பொது நாளத்தை.

அதைவிடத் திகைப்பானது அடுத்த கட்டம். ஒரு முறை 'இதுதான் அது' என்று மூளை முடிவு செய்துவிட்டால், பிறகு வரும் முரண்களையெல்லாம் அது சமாதானம் சொல்லி ஒதுக்கிவிடுகிறது. குழாய் சற்றுத் தடிமனாக இருக்கிறதா? வீக்கம். எதிர்பாராத இன்னொரு குழாய் குறுக்கே வருகிறதா? இந்த நோயாளிக்கு அமைப்பே வித்தியாசம் போலிருக்கிறது. பெரும்பாலானவர்கள் தியேட்டரை விட்டு வெளியே வரும்போது தவறு நடந்ததே தெரியாமல் வந்தார்கள். பல அறிக்கைகள் வழக்கமான அறுவை வழக்கம்போல் முடிந்தது என்றே எழுதப்பட்டிருந்தன. இவர்கள் பொய் எழுதவில்லை. கண்டதைத்தான் எழுதினார்கள்.

என் கணிப்பில் நுண்துளை வரலாற்றின் மையமான ஆவணம் இதுதான். அதுவரை எல்லோருடைய உழைப்பும் படத்தை மேம்படுத்துவதில் போயிற்று. கூடுதல் வெளிச்சம், கூடுதல் கூர்மை, கூடுதல் வண்ணம். வேயின் 252 பேரில் பெரும்பாலோருக்குப் படம் தெளிவாகத்தான் இருந்தது. தெளிவாகப் பார்ப்பது வேறு, எங்கே இருக்கிறோம் என்று அறிவது வேறு.

இதற்கான மருந்து நோய்க்காரணம் நிரூபணமாவதற்கு முன்பே ஒருவர் கையில் இருந்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர அறுவை மருத்துவர் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பர்க் 1995இல் ஒரு நிபந்தனை விதித்தார். பித்தப்பைக்கும் கல்லீரலுக்கும் நாளத்துக்கும் இடையிலான முக்கோணத்தில் கொழுப்பையும் நாரையும் முழுக்க நீக்க வேண்டும். பித்தப்பையின் கீழ்ப்பகுதியைக் கல்லீரல் படுக்கையிலிருந்து பிரித்துத் தூக்க வேண்டும். பித்தப்பைக்குள் இரண்டே இரண்டு அமைப்புகள் நுழைவது கண்ணுக்குத் தெரிய வேண்டும்: ஒரு நாளம், ஒரு ரத்தக்குழாய். இந்த மூன்றும் நிறைவேறும்வரை எதிலும் கிளிப் போடக் கூடாது. முடியவில்லையா, பித்தப்பையைப் பாதியோடு விட்டுவிடு, அல்லது வயிற்றைத் திற. குழாயை 'அடையாளம் கண்டுகொண்டேன்' என்ற மருத்துவரின் சொந்த உறுதியை ஸ்ட்ராஸ்பர்க் ஏற்கவில்லை. காட்சி சாட்சி சொல்ல வேண்டும் என்றார். புதிய கருவி எதுவும் தேவையில்லாத, எந்த நிறுவனத்துக்கும் லாபம் தராத யோசனை. பரவுவதற்கு ஆண்டுகள் ஆயின.

சிட்னியின் தாமஸ் ஹியூ 2002இல் விமானிகளிடமிருந்தும் மாலுமிகளிடமிருந்தும் பாடம் கேட்கச் சொன்னார். கரை தெரியாத கடலில் மாலுமி அலையைப் பார்த்து வழி கண்டுபிடிப்பதில்லை. அசையாத ஏதோ ஒன்றிலிருந்து தன் இடத்தைக் கணிக்கிறார். வயிற்றுக்குள் பித்தப்பை, நாளம், குடல் எல்லாம் இழுத்தால் நகரும். நகராதது எது? 1924இல் பிரெஞ்சு உடற்கூறியலாளர் ஆன்ரி ரூவியேர் கல்லீரலின் வலப்பக்க அடிப்பரப்பில் ஒரு பிளவை விவரித்திருந்தார். இரண்டு முதல் ஐந்து சென்டிமீட்டர் நீளம், பெரும்பாலோரிடம் உண்டு. திறந்த அறுவை செய்தவர்கள் அதைப் பொருட்படுத்தியதே இல்லை, தேவைப்படவும் இல்லை. கேமரா கீழிருந்து பார்ப்பதால் அது நேராகக் கண்ணில் படுகிறது. பொதுப் பித்தநாளம் ஓடும் மட்டத்தை அது காட்டிக் கொடுக்கிறது. அந்தப் பிளவுக்கு மேற்புறமாகவே வேலை செய், கீழே இறங்காதே. திசை குழம்பினால் கேமராவைப் பின்னுக்கு இழுத்துப் பிளவைத் தேடு, எங்கே நிற்கிறாய் என்று பார்த்துக்கொள், பிறகு தொடர். பாடப்புத்தகத்தின் மூலையில் முக்கால் நூற்றாண்டு கிடந்த ஒரு கோடு கலங்கரை விளக்கானது.

இதே அறுவை இந்தியாவுக்கும் விரைவிலேயே வந்தது. மும்பை ஜே.ஜே. மருத்துவமனையின் தெஹம்டன் உத்வாடியா 1990 மே 31 அன்று நாட்டின் முதல் லேப்ராஸ்கோப்பிப் பித்தப்பை அறுவையைச் செய்தார். 1972 முதலே நோய் கண்டறிய லேப்ராஸ்கோப்பைப் பயன்படுத்தி வந்தவர் அவர். அடுத்த ஆண்டே கோயம்புத்தூரில் சி. பழனிவேலு தொடங்கினார். அவரைப் பற்றித் தனி அத்தியாயம் வருகிறது.

பயிற்சியின் கதை சுருக்கமானது. ஸெம் தன் காலத்திலேயே ஒரு பெட்டிக்குள் கருவி விட்டுப் பழகும் சாதனத்தைச் செய்திருந்தார். அதைப் பொம்மை என்றே பலர் கருதினார்கள். 2002இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், கலகரும் இடம்பெற்ற குழு, கணினியில் பழகிய பயிற்சி மருத்துவர்களையும் பழகாதவர்களையும் உண்மையான பித்தப்பை அறுவையில் ஒப்பிட்டது. பழகியவர்கள் 29 சதவீதம் விரைவாக முடித்தார்கள். பழகாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ மற்றத் திசுவைச் சுடவோ ஐந்து மடங்கு வாய்ப்பிருந்தது. தலைகீழ் உலகத்துக்கு மூளை பழகும் அந்தத் தொடக்கத் தடுமாற்றத்தை நோயாளியின் வயிற்றில் கழிக்க வேண்டியதில்லை என்பது இதன் பிறகு வாதமாக இல்லாமல் கணக்காக ஆனது. ஒரு தலைமுறை நோயாளிகள் அந்தக் கணக்குக்கு முன்பே மேசையில் படுத்துவிட்டார்கள்.

2000ஆம் ஆண்டு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 'டா வின்சி' என்ற ரோபோவுக்கு வயிற்று அறுவைக்கான அனுமதி தந்தது. அதில் மருத்துவர் ஒரு மேசையில் உட்கார்ந்து இரண்டு கண்களாலும் ஆழத்தோடு பார்க்கிறார். கை வலப்பக்கம் போனால் நுனியும் வலப்பக்கம் போகிறது. தலைகீழைக் கணினி நேராக்கிவிடுகிறது. கேமராவும் மருத்துவர் சொன்னபடி நகர்கிறது, இளைய மாணவர் தேவையில்லை. இந்த அத்தியாயத்தில் சொன்ன தொல்லைகளில் பாதி அந்த இயந்திரத்தில் இல்லை. மீதிப் பாதி அப்படியே இருக்கிறது. எந்தக் குழாய் எது என்று ரோபோ சொல்லாது. ஸ்ட்ராஸ்பர்க்கின் மூன்று நிபந்தனைகளும் ரோபோ முன் உட்காருபவருக்கும் பொருந்தும். பித்தப்பை அறுவைக்குப் போகிற வாசகர்கள் எத்தனை துளை, என்ன இயந்திரம் என்று கேட்பதோடு, அந்த மூன்றும் தெரியாவிட்டால் என்ன செய்வீர்கள் என்றும் மருத்துவரிடம் கேளுங்கள். நல்ல மருத்துவர் இந்தக் கேள்வியை விரும்புவார். அந்த இயந்திரம் போர்க்களத்துக்காக யோசிக்கப்பட்டு மருத்துவமனைக்கு வந்த கதை அடுத்த இதழில்.